விரல் வீங்கி வலிக்கிறதா? காவிரி டெல்டா வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நடவும் களையெடுப்பும் முடிந்த வாரங்களில் தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களில் எந்த மருந்துக் கடையில் சற்று நேரம் நின்றாலும், வீங்கிய விரலைக் காட்டி மாத்திரை கேட்கும் ஒருவரைப் பார்த்துவிடலாம். ‘வாயுப் பிடிப்பு’, ‘வேலை செய்த கை’ என்று சொல்லி வாங்கிப்போவார். விரல் வீக்கத்துக்குக் காரணங்கள் பல. சிலவற்றுக்கு ஒரு வார ஓய்வு போதும். சிலவற்றுக்கு அன்றைக்கே அறுவை சிகிச்சை வேண்டியிருக்கும். சில நோய்கள் ஆண்டுக்கணக்கில் மருந்து கேட்கும். எந்தக் காரணம் என்று தெரியாமல் விழுங்கும் மாத்திரை வலியை மட்டும் மறைக்கும். நோய் உள்ளே தன் வேலையைச் செய்துகொண்டேயிருக்கும். கீழே உள்ள பதில்கள் மருத்துவருக்கு மாற்று அல்ல. எதைக் கவனிக்க வேண்டும், எவ்வளவு அவசரம் என்று தெரிந்துகொள்வதற்காக எழுதப்பட்டவை.

மருத்துவரிடம் போகும் முன் விரலில் நானே எதைப் பார்க்க வேண்டும்?

முதலில், எந்தக் கணு என்று பாருங்கள். கட்டைவிரல் நீங்கலாக ஒவ்வொரு விரலுக்கும் மூன்று கணுக்கள் உண்டு: நகத்தை ஒட்டியது, நடுவில் இருப்பது, விரல் உள்ளங்கையோடு சேரும் முட்டி. நகத்தை ஒட்டிய கணுவில் மட்டும் முண்டு கட்டியிருந்தால் பெரும்பாலும் தேய்மானம். முட்டியும் நடுக்கணுவும் இரண்டு கைகளிலும் ஒன்றுபோல வீங்கினால் முடக்குவாதம் என்ற சந்தேகம் வர வேண்டும். கணு என்று பிரித்துச் சொல்ல முடியாமல் ஒரு விரல் அடி முதல் நுனி வரை ஒரே பருமனாக வீங்கியிருந்தால் அது வேறு கதை: சீழ் பிடித்திருக்கலாம், யூரிக் அமிலமாக இருக்கலாம், சொரியாசிஸ் என்ற செதில் தோல் நோய் சார்ந்த மூட்டு நோயாகவும் இருக்கலாம்.

அடுத்தது காலை விறைப்பு. எழுந்ததும் கை முழுதாக மடங்க எவ்வளவு நேரம் ஆகிறது? கால் மணி நேரத்தில் விட்டுவிடுகிறதா, வாசல் தெளித்து, காபி போட்டு, பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிய பிறகும் விறைப்பு இருக்கிறதா? என்னைக் கேட்டால், நோயாளி சொல்லக்கூடிய தகவல்களில் மிகவும் பயன்படுவது இதுதான். மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

பிறகு தொட்டுப் பாருங்கள். எலும்பாகக் கெட்டியாகத் தட்டுப்படுகிறதா, அழுத்தினால் மெத்தென்று அமுங்குகிறதா, சூடாக இருக்கிறதா, சிவந்திருக்கிறதா? கெட்டியானது தேய்மானத்தின் பக்கம் சாயும். மெத்தென்றும் சூடாகவும் இருப்பது அழற்சியின் பக்கம்.

அம்மாவுக்கு 44 வயது, நடவு வேலைக்குப் போகிறார். இரண்டு மாதமாக இரு கை முட்டிகளும் வீங்கியிருக்கின்றன. காலையில் மாட்டில் பால் கறக்க முடியவில்லை. வேலை அதிகம் என்பதாலா?

வேலையால் வரும் வலி பொதுவாக ஓய்வெடுத்தால் குறையும். மாலையில் கூடி, தூங்கி எழுந்தால் தணியும். உங்கள் அம்மாவுக்கு நேர்மாறாக, ஓய்வெடுத்து எழும் காலையில்தான் மோசமாக இருக்கிறது. இரண்டு கையிலும் வந்திருக்கிறது. ஆறு வாரத்தைத் தாண்டிவிட்டது. இந்த மூன்றும் சேர்ந்தால் பெரியவர்கள் சரவாங்கி என்று சொல்லும் முடக்குவாதத்தை முதலில் நினைக்க வேண்டும்.

இது தேய்மானம் அல்ல. உடலின் எதிர்ப்பு சக்தி தன் மூட்டின் உட்சவ்வையே பகையென்று எண்ணித் தாக்கும் நோய். சவ்வு தடித்து வீங்கி, குருத்தெலும்பையும் எலும்பின் விளிம்பையும் அரிக்கிறது. இந்தியாவில் நூறு பேரில் ஒருவருக்கும் சற்றுக் குறைவாகவே வருகிறது என்றாலும், ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். அதுவும் குடும்பத்தைத் தாங்கும் வயதில் வருகிறது.

அரிப்பு தொடங்கிய எலும்பு பழையபடி ஆகாது. அதனால்தான் முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும் என்று மருத்துவர்கள் வற்புறுத்துகிறார்கள். அந்தக் காலத்தில் தொடங்கியவர்களில் பலர் விரல் கோணாமல் வாழ்க்கை நடத்துகிறார்கள். விட்டவர்களின் விரல்கள் முட்டியிலிருந்து சுண்டுவிரல் பக்கமாகச் சாய்ந்துவிடுகின்றன. பிறகு சோறு பிசைவதே பாடு.

முதல் மருந்தாகப் பெரும்பாலும் மெத்தோட்ரெக்ஸேட் தருவார்கள். இதை வாரத்தில் ஒரே ஒரு நாள்தான் சாப்பிட வேண்டும். தினமும் சாப்பிட்டால் உயிருக்கே ஆபத்து. எழுதப் படிக்கத் தெரியாத பெரியவர் என்றால், ‘ஞாயிறு மட்டும்’ என்பதுபோல் ஒரு கிழமையை வீட்டில் உள்ள எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மற்ற மாத்திரைகளோடு ஒரே டப்பாவில் போடாதீர்கள். கூடவே போலிக் அமில மாத்திரையும் தருவார்கள். ஈரல், ரத்த அணுக்கள் சோதனையை மருத்துவர் சொன்ன இடைவெளியில் தவறாமல் செய்ய வேண்டும். குழந்தை பெறும் எண்ணமுள்ள பெண்கள் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கர்ப்பத்தில் இந்த மருந்து கூடாது. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். ‘நாலு நாள் சாப்பிட்டேன், கேட்கவில்லை’ என்று நிறுத்திவிடாதீர்கள்.

ரத்தத்தில் முடக்குவாதக் காரணி இல்லை என்று லேபில் சொல்லிவிட்டார்கள். அப்படியானால் நோய் இல்லைதானே?

இல்லை என்று முடிவு கட்ட முடியாது. முடக்குவாதம் உள்ளவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு அந்தச் சோதனை இல்லை என்றே காட்டும். நோயே இல்லாத சிலருக்கு, குறிப்பாக வயதானவர்களுக்கு, உண்டு என்று காட்டுவதும் நடக்கும். ஆன்ட்டி சிசிபி என்ற சோதனை இன்னும் திட்டவட்டமானது. இஎஸ்ஆர், சிஆர்பி இரண்டும் அழற்சி இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். எதனால் என்று சொல்லாது. வீங்கிய கையைத் தொட்டுப் பார்க்காமல் லேப் தாளை மட்டும் பார்த்து யார் தீர்ப்புச் சொன்னாலும் இன்னொரு மருத்துவரைப் பாருங்கள்.

கடையில் ‘செட் மாத்திரை’ கொடுக்கிறார்கள். ஒரே நாளில் வீக்கம் வற்றிவிடுகிறது. அதையே தொடரலாமா?

வேண்டாம். இதை எத்தனை முறை சொன்னாலும் போதாது.

சின்னக் காகிதப் பொட்டலத்தில் மூன்று நான்கு நிறத்தில் உதிரி மாத்திரைகள் இருக்கும். பெயரும் இல்லை, தேதியும் இல்லை. அதில் பெரும்பாலும் ஒரு ஸ்டீராய்டு, ஒரு வலி மாத்திரை, ஓர் அமிலக் குறைப்பு மாத்திரை இருக்கும். ஒரே நாளில் வீக்கம் வற்றுகிறது என்றால் பெரும்பாலும் ஸ்டீராய்டின் வேலை. மாதக்கணக்கில் போனால் முகம் உப்பும், சர்க்கரை ஏறும், எலும்பு மெலியும், கண்புரை வரும். வலி மாத்திரை வயிற்றில் புண்ணை உண்டாக்கும்; வெயிலில் தண்ணீர் குடிக்காமல் வயலில் நிற்பவரின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். இதற்கிடையில் மூட்டு அரிப்பும் நிற்காது.

ஏற்கெனவே பல வாரங்களாக அந்தப் பொட்டலத்தைச் சாப்பிட்டு வந்தவர் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டுக்குப் பழகிய உடல் தானாகச் சுரப்பதைக் குறைத்திருக்கும். சட்டென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து மயக்கம் வரலாம். மிச்சமிருக்கும் மாத்திரைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போய், எத்தனை நாளாக என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். திட்டுவாரோ என்று பயந்து மறைப்பவர்கள் பலர். மறைத்தால் கெடுவது உங்கள் உடம்புதான்.

முத்திரை இல்லாத லேகியத்துக்கும் சூரணத்துக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். முடக்கத்தான் கீரைத் தோசை சாப்பிடுவதில் தவறில்லை, நல்ல உணவு. ஆனால் அதை நம்பி முடக்குவாத மருந்தை விடக் கூடாது. சித்த மருத்துவம் பார்ப்பதானால் அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவில் பாருங்கள். என்னென்ன சாப்பிடுகிறீர்கள் என்று இரு தரப்பு மருத்துவர்களுக்கும் தெரிவியுங்கள்.

காய்ச்சல் வந்துபோய் ஒரு மாதம் ஆகிறது. விரல் வலி மட்டும் போகவில்லை. சிக்குன்குனியாவா?

இருக்கலாம். 2006இல் தமிழகம் முழுவதும் சிக்குன்குனியா பரவியபோது, ஊர் ஊராக மக்கள் குனிந்தபடி நடந்ததைப் பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பகலில் கடிக்கும் ஏடிஸ் கொசுவால் பரவும் இந்த வைரஸ், விரல்கள், மணிக்கட்டு, கணுக்கால் ஆகிய மூட்டுகளை விரும்பித் தாக்குகிறது. பெரும்பாலோருக்குச் சில வாரங்களில் சரியாகிவிடும். சிலருக்கு மாதக்கணக்கில், அரிதாக ஆண்டுக்கணக்கில் நீடிக்கும். மூன்று மாதத்தைத் தாண்டியும் வீக்கம் இருந்தால் மூட்டு நோய் நிபுணரைப் பார்க்க வேண்டும். முடக்குவாதம் போலவே தோற்றமளிப்பதால் சோதித்துத்தான் பிரிக்க முடியும்.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் காய்ச்சலோடு மூட்டுவலி வந்தால் டெங்குவாகவும் இருக்கலாம். டெங்கு இல்லை என்று உறுதியாகும் வரை பாராசிட்டமால் மட்டும் போதும். ஆஸ்பிரின், ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்றவை ரத்தக்கசிவைக் கூட்டலாம்.

பாட்டியின் விரல் நுனிக் கணுக்களில் முண்டு முண்டாக இருக்கிறது. வலி வருகிறது, போகிறது. எனக்கும் வருமா?

அது தேய்மான மூட்டு நோய். மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம். குடும்பத்தில் வழிவழியாக வருவதும் உண்டு, ஆகவே உங்களுக்கும் வரக்கூடும். முண்டுகள் மறையா, ஆனால் ஓரிரண்டு ஆண்டுகளில் வலி தணிந்து கெட்டியாக நின்றுவிடுவது வழக்கம். வெந்நீர் ஒத்தடம், மேலே தடவும் வலி களிம்பு, விரல் பயிற்சி ஆகியவை போதுமானவை. கட்டைவிரலின் அடிப்பகுதி வலித்தால் தேங்காய் துருவுவது, துணி பிழிவது போன்ற வேலைகளை வேறு யாராவது செய்யட்டும். இதற்கு ஆயுள் முழுக்க மாத்திரை தேவையில்லை.

இரவில் திடீரென்று ஒரு விரல் சிவந்து, போர்வை பட்டாலே உயிர் போகிறது. யூரிக் அமிலமா?

யூரிக் அமில உப்பு ஊசி ஊசியான படிகமாக மூட்டுக்குள் படிவதால் வரும் கவுட் நோய்க்கு இது சரியான வர்ணனை. பொதுவாகக் கால் பெருவிரலில் தொடங்கும். பல ஆண்டு நோயுள்ளவருக்கும், ரத்த அழுத்தத்துக்காக நீர் பிரியும் மாத்திரை சாப்பிடும் வயதான பெண்களுக்கும் கைவிரலில் வரும். காசநோய்க்குத் தரும் பைரசினமைடு மாத்திரையும் யூரிக் அமிலத்தை ஏற்றும். அதற்காகக் காசநோய் மருந்தை நீங்களாக நிறுத்திவிடாதீர்கள்.

வலி உச்சத்தில் இருக்கும்போது ரத்தச் சோதனையில் யூரிக் அமிலம் சரியான அளவில் காட்டலாம். ஆகவே வலி தணிந்து இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்க்க வேண்டும். அடிக்கடி வருபவர்களுக்கு ரத்தத்தில் யூரிக் அமிலத்தை டெசிலிட்டருக்கு 6 மில்லிகிராமுக்குக் கீழே வைத்திருப்பதே இலக்கு. மது, குறிப்பாக பீர், இதற்குப் பெரிய எதிரி. ஈரல், மூளை போன்ற உள்ளுறுப்பு இறைச்சியையும் மத்தி, நெத்திலியையும் குறைத்துக்கொள்ளுங்கள். பருப்பு, கீரையைப் பயந்து ஒதுக்க வேண்டியதில்லை. சாம்பாரை நிறுத்தி உடம்பு மெலிந்தவர்கள்தான் மிச்சம்.

சிவந்து சூடான ஒற்றை மூட்டோடு காய்ச்சலும் இருந்தால், கவுட் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். மூட்டுக்குள் சீழ் பிடித்தாலும் இப்படித்தான் இருக்கும்.

நகச்சுற்று வந்திருக்கிறது. எலுமிச்சம்பழத்தைச் செருகினால் போதுமா?

குளுமை தரும், அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் நாளுக்கு மூன்று நான்கு முறை விரலை வைத்து, நன்றாகத் துடைத்து உலர விடுவது அதைவிட நல்லது. சீழ் மஞ்சளாகத் தெரிந்தாலோ வலி விண்ணென்று தெறித்தாலோ மருத்துவர் கீறி வெளியேற்ற வேண்டும். வீட்டு ஊசியால் குத்த வேண்டாம். சேற்றிலும் தண்ணீரிலும் நாள் முழுக்கக் கை ஊறுபவர்களுக்கு நகத்தைச் சுற்றித் தடித்து, மாதக்கணக்கில் ஆறாமல் இருக்கும். அதற்கு ஈரத்தைக் குறைப்பதுதான் முதல் சிகிச்சை. வேலை முடிந்ததும் கையைக் கழுவி, நக இடுக்கு வரை துடையுங்கள்.

இப்போது சொல்லப்போவது அவசரம். விரலில் முள்ளோ கத்தியோ பட்டு ஓரிரு நாளில், விரல் முழுவதும் வீங்கி, பாதி மடங்கிய நிலையிலேயே நின்று, உள்ளங்கைப் பக்கமாக விரல் நெடுகத் தொட்டால் வலித்து, யாராவது நிமிர்த்தினால் அலறுமளவு வலித்தால், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணின் உறைக்குள் சீழ் புகுந்துவிட்டது என்று பொருள். அது குழாய் போன்ற மூடிய இடம். சில மணி நேரத் தாமதமும் தசைநாணைக் கெடுத்து விரலை நிரந்தரமாக விறைக்க வைத்துவிடும். சர்க்கரை நோயாளி என்றால் இன்னும் வேகமாகப் பரவும். காலை வரை காத்திருக்காமல் இரவிலேயே மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கோ மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள்.

கருவேல முள் குத்தி ஆறிவிட்டது. ஒரு மாதம் கழித்து அந்தக் கணு வீங்குகிறது. என்ன காரணம்?

முள்ளின் நுனி மூட்டுக்குள் ஒடிந்து தங்கியிருக்கலாம். சீமைக் கருவேல முள், ஈச்ச முள் இரண்டுமே இதைச் செய்யும். வேலி கட்டும்போது, விறகு வெட்டும்போது குத்தியது மறந்தே போயிருக்கும், தோலும் மூடியிருக்கும். எக்ஸ்ரேயில் முள் பெரும்பாலும் தெரியாது, அல்ட்ராசவுண்டில் தெரியும். வாரக்கணக்கான ஒற்றை விரல் வீக்கத்துக்கு முள் கதையை மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். முள்ளை எடுத்தால் தீரும். எடுக்காமல் மாதக்கணக்கில் ஆன்டிபயாடிக் சாப்பிட்டும் பயனில்லை.

நாகப்பட்டினம், வேதாரண்யம் கரையோரத்தில் மீன் அரிபவர்களுக்கு இதேபோல வேறு சிக்கல்கள் உண்டு. மீன் முள் குத்தி ஒரு வாரத்துக்குள் விரல் ஊதா கலந்த சிவப்பாக எரிந்து வீங்கினால், அது பெனிசிலினுக்கு எளிதில் அடங்கும் ஒரு கிருமி. பல வாரங்கள் கழித்து மெல்ல மெல்லக் கட்டி கட்டியாக வந்தால், காசநோய்க் கிருமியின் இனத்தைச் சேர்ந்த நீர்க்கிருமியாக இருக்கலாம். அதற்கு மாதக்கணக்கில் மருந்து வேண்டும். கெளுத்தி மீன் குத்தினால், கை தாங்கும் சூடுள்ள நீரில் அரை மணி நேரமாவது வைத்திருந்தால் விஷத்தின் வலி குறையும். எல்லாக் குத்துக்கும் டெட்டனஸ் ஊசி.

களையெடுக்கும்போது ஏதோ கடித்து விரல் வீங்கிக்கொண்டே போகிறது என்றால், பாம்பு இல்லை என்று வாதாடிக்கொண்டிருக்காதீர்கள். கண்ணாடி விரியன் கடித்தால் வீக்கம் வேகமாக ஏறும். மோதிரம், வளையலைக் கழற்றுங்கள். கயிறு கட்டாதீர்கள், கீறாதீர்கள். கையை அசைக்காமல் வைத்து, 108ஐ அழையுங்கள்.

சர்க்கரை இருக்கிறது. விரல் மடங்கினால் நிமிர மறுத்து, ‘டக்’ என்று சொடுக்கிக்கொண்டு நிமிர்கிறது. இதுவும் மூட்டு வாதமா?

இல்லை. தசைநாணும் அதைப் பிடித்திருக்கும் வளையமும் தடித்துச் சிக்கிக்கொள்கின்றன. சர்க்கரை நோயாளிகளுக்கு அதிகம். அந்த இடத்தில் போடும் ஓர் ஊசியோ சிறு அறுவையோ தீர்த்துவிடும். கூடவே ஒன்றைச் செய்து பாருங்கள்: கும்பிடுவதுபோல் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடியுங்கள். விரல்களும் உள்ளங்கைகளும் இடைவெளி இல்லாமல் ஒட்டவில்லை என்றால், நீண்ட காலச் சர்க்கரையால் தோலும் தசைநாணும் இறுகியிருக்கலாம். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவருவதோடு, கண்ணையும் சிறுநீரகத்தையும் சோதித்துக்கொள்ளுங்கள்.

நள்ளிரவில் விரல்கள் மரத்து, வீங்கியதுபோல் தோன்றி, கையை உதறினால் சரியாகிறதா? கட்டைவிரல் முதல் மோதிரவிரலில் பாதி வரை மட்டுமா? அது மணிக்கட்டில் நரம்பு நெருக்கப்படுவது. தைராய்டுக் குறைவிலும் கர்ப்பத்திலும் வரும். இரவில் மணிக்கட்டு மடங்காமல் பட்டி கட்டித் தூங்கினாலே பலருக்குத் தணியும். ஆனால் உணர்ச்சியற்ற தேமலோடு கை மரத்துப் போனால் தொழுநோய் இருக்கிறதா என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் பாருங்கள். சிகிச்சை இலவசம், முற்றிலும் குணமாகும்.

மகள் எட்டு மாதக் கர்ப்பிணி. வளையல் கழற்ற முடியாத அளவு கை வீங்கிவிட்டது. கர்ப்பத்தில் இது சகஜம்தானே?

மெதுவாக வரும் லேசான வீக்கம் சகஜம். ஓரிரு நாளில் முகமும் கையும் சட்டென்று உப்பினால் சகஜம் என்று விடக் கூடாது. இன்றே ரத்த அழுத்தம் பாருங்கள், சிறுநீரில் புரதம் பாருங்கள். 140/90ஐத் தொட்டாலோ, தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி இருந்தாலோ நேராக மருத்துவமனை. வலிப்பு வரும் வரை காத்திருந்து தாயையும் பிள்ளையையும் இழந்த குடும்பங்கள் உண்டு. வளைகாப்பு நாள் நெருங்குகிறதே என்று தள்ளிப்போடாதீர்கள்.

ஒரு கை மட்டும் முழங்கையிலிருந்து விரல் வரை வீங்கியிருக்கிறது. ஏன்?

கும்பகோணத்தைச் சுற்றி நெடுங்காலமாக யானைக்கால் நோய் இருந்துவந்தது. பெயர் காலைச் சொன்னாலும், கையிலும் வரும். குளிர் காய்ச்சலும், அக்குளில் நெறி கட்டுவதும் வந்து வந்து போயிருந்தால் சொல்லுங்கள். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை செய்துகொண்ட பெண்களுக்கு அந்தப் பக்கக் கை வீங்குவதும் உண்டு. இரு கைகளோடு முகமும் காலும் வீங்கினால் சிறுநீரகம், இதயம், தைராய்டு மூன்றையும் பார்க்க வேண்டும்.

நான் தவில் வாசிப்பவன். திருவிழாக் காலத்தில் வலக்கை விரல்கள் வீங்குகின்றன. வாசிப்பை விட வேண்டுமா?

விட வேண்டியதில்லை. வாசிக்கும்போது விரலில் மாட்டும் கூடு இறுக்கமாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள்; விரல் வீங்கிய நாளில் பழைய அளவுக் கூடு ரத்த ஓட்டத்தைத் தடுக்கும். கச்சேரி முடிந்ததும் துணியில் சுற்றிய ஐஸ் ஒத்தடம் கொடுத்து, கையை உயர்த்தி வையுங்கள். ஒரு நாள் இடைவெளியில் வீக்கம் வடிந்தால் கவலையில்லை. விரல் வெளுத்து, மரத்துப் போனாலோ ஒரே கணு வடியாமல் நின்றாலோ எக்ஸ்ரே எடுங்கள். திருபுவனத்தில் தறி நெய்பவர்களுக்கும் சுவாமிமலையில் சிலைக்கு அரம் போடுபவர்களுக்கும் இதே பதில்தான்.

மோதிரம் கழலவில்லை. என்ன செய்வது?

கையைத் தலைக்கு மேல் சற்று நேரம் தூக்கிப் பிடித்து, சோப்பு நுரை தடவிச் சுழற்றிப் பாருங்கள். நகராவிட்டால் மெல்லிய நூலின் ஒரு முனையை மோதிரத்துக்கு அடியில் நுழைத்து, மீதி நூலை மோதிரத்திலிருந்து நுனி நோக்கி நெருக்கமாகச் சுற்றி, நுழைத்த முனையைப் பிடித்துப் பிரித்துக்கொண்டே வந்தால் மோதிரம் நூலின் மேல் ஏறி வரும். விரல் நீலமானாலோ மரத்தாலோ மோதிரத்தை உடனே வெட்டி எடுக்க வேண்டும். கல்யாண மோதிரம் என்று தயங்குவார்கள். வெட்டிய மோதிரத்தை ஆசாரி ஒட்டிக் கொடுத்துவிடுவார்.

எந்த மருத்துவரைப் பார்க்க வேண்டும்? என்ன எடுத்துப்போக வேண்டும்?

அடிபட்டது, சீழ், முள் என்றால் அறுவை சிகிச்சை அல்லது எலும்புப் பிரிவு. பல கணுக்கள், காலை விறைப்பு என்றால் பொது மருத்துவப் பிரிவு. அங்கிருந்து மூட்டு நோய் நிபுணரிடம் அனுப்புவார்கள். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மூன்று ஊர்களிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகள் இருக்கின்றன. சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துப்போங்கள். வீக்கம் காலையில் அதிகம், மதியத்தில் குறைவு என்றால் எழுந்ததும் இரண்டு கைகளையும் செல்போனில் படமெடுத்து வையுங்கள். சீட்டு வாங்கி உங்கள் முறை வரும் பதினொரு மணிக்குக் கை வடிந்திருக்கலாம். நகத்தில் குண்டூசி குத்தியதுபோல் சிறு சிறு குழிகளோ, தலையிலும் முழங்கையிலும் செதிலோ இருந்தால் காட்டுங்கள். சொரியாசிஸ் மூட்டு நோய் அதிலிருந்துதான் பிடிபடும். மருதாணியோ நகப்பூச்சோ போட்டுக்கொண்டு போகாதீர்கள்.